ஜி.வி.எச்.டி. சந்தேகம்: பயாப்ஸி எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கொடையாளி_அக்கா

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். குருத்தணு மாற்று செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொடையாளி நான்தான். ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கி, எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்ட சமயத்தில் உள்ளங்கையிலும் காது மடலிலும் சிவப்புத் தடிப்பு வந்தது. அடுத்து வயிற்றுப்போக்கு. பச்சை நிறத் தண்ணீராக, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறது.

ஜி.வி.எச்.டி.யாக (மாற்றி வைத்த ஒட்டு ஏற்பாளரின் உடலைத் தாக்கும் நோய்) இருக்கலாம் என்கிறார்கள். ஸ்டீராய்டு நேற்றே ஆரம்பித்துவிட்டார்கள். நாளை சிக்மாய்டோஸ்கோபி செய்து குடலில் இருந்து திசு எடுக்க வேண்டுமாம். "மருந்தே கொடுக்கத் தொடங்கியாயிற்று, பிளேட்லெட் வேறு குறைவாக இருக்கிறது, இனி எதற்குக் குடலைக் கிள்ள வேண்டும்?" என்று அப்பா கேட்கிறார். அவர் கேட்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு எடுக்கும் பயாப்ஸியால் பயன் உண்டா? சிகிச்சைக் குழுவிலேயே ஒருவர் "அவசியம்" என்கிறார், இன்னொருவர் "எடுத்தால் நல்லது" என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறோம்.

வார்டு_செவிலி

அக்கா, மருந்து தொடங்கியதால் பயாப்ஸி வீணாகிவிடாது. தீவிரமான வயிற்றுப்போக்கு இருக்கும்போது அறிக்கை வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க மாட்டார்கள். ஒரு பக்கம் மருந்து போகும், மறுபக்கம் திசு ஆய்வுக்குப் போகும். ஓரிரு நாள் ஸ்டீராய்டில் குடலில் இருக்கும் அடையாளங்கள் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. ஆனால் தள்ளிக்கொண்டே போனால் படிப்பது கடினமாகும். எடுப்பதாக இருந்தால் நாளையே எடுப்பது நல்லது.

பிளேட்லெட் விஷயத்தில் அப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பொதுவாக ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். குறைந்தால் முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிவிட்டுச் செய்வார்கள். சிக்மாய்டோஸ்கோபியில் பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். முழுக் கொலனோஸ்கோபிக்குக் குடிக்க வைப்பது போல வாளி வாளியாகக் குடிக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம், கேட்டுவையுங்கள்: குடலைச் சுத்தம் செய்ய எதைக் கொடுக்கப் போகிறார்கள்? சோடியம் பாஸ்பேட் கலந்த மருந்துகள் தாமாகவே குடல் செல்களைச் சாகடித்து ஜி.வி.எச்.டி. போலத் தோற்றம் காட்டக்கூடும். எங்கள் வார்டில் அதைத் தவிர்த்துவிடுவோம்.

நுண்ணோக்கி

நான் நோய்க்குறியியல் மருத்துவர். இந்தக் கண்ணாடித் தகடுகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொடையாளரின் டி செல்கள் ஏற்பாளரின் திசுக்களை அந்நியமாகக் கருதித் தாக்குவதுதான் ஜி.வி.எச்.டி. 1966இல் பில்லிங்ஹாம் என்ற விஞ்ஞானி இதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார். ஒட்டில் போராடும் திறனுள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்க வேண்டும். அந்த ஒட்டில் இல்லாத அடையாளங்கள் ஏற்பாளரின் திசுவில் இருக்க வேண்டும். அந்த ஒட்டை விரட்டும் வலு ஏற்பாளருக்கு இருக்கக் கூடாது. இதில் உடனடி வகை, நாள்பட்ட வகை என இரண்டு உண்டு; உடனடி வகை தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்றையும் முக்கியமாகத் தாக்குகிறது.

குடலில் நாங்கள் தேடுவது, கிரிப்ட் எனப்படும் சுரப்பிக் குழிகளின் அடியில் அபோப்டோசிஸ் முறையில் உடைந்து சாகும் செல்களை. குழியைப் புதுப்பிக்கும் மூலச்செல்கள் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கின்றன. தாக்குதல் லேசாக இருந்தால் ஆங்காங்கே ஒரு செல் நொறுங்கிக் கிடக்கும். கூடினால் தனித்தனிக் குழிகள் காணாமல் போகும். இன்னும் கூடினால் பக்கத்துப் பக்கத்துக் குழிகள் சேர்ந்தே மறையும். கடைசியில் மேல்சவ்வே உரிந்து வெறும் தரை மட்டும் மிஞ்சும். இந்த நான்கும்தான் நாங்கள் எழுதும் 1 முதல் 4 வரையிலான திசுத் தரங்கள்.

ஒரு பயாப்ஸித் துண்டில் ஒரே ஓர் அபோப்டோசிஸ் செல் இருந்தாலும் குறைந்தபட்ச அளவுகோல் நிறைவேறுகிறது என்று 2014ஆம் ஆண்டின் என்.ஐ.எச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) ஒருமித்த வழிகாட்டுதல் சொல்கிறது. கேட்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆரோக்கியமான குடலிலும் எப்போதாவது ஒரு செல் இப்படிச் சாகத்தான் செய்யும். அதனால்தான் தகட்டை மட்டும் வைத்து நாங்கள் தீர்ப்பு எழுதுவதில்லை. அறிக்கையில் மூன்று நிலைகள் வரும்: ஜி.வி.எச்.டி. இல்லை, இருக்கலாம், இருக்க வாய்ப்பு அதிகம். "இருக்கலாம்" என்று வந்தால் மருத்துவர் மழுப்புகிறார் என்று கோபப்படாதீர்கள். உள்ளது உள்ளபடி எழுதினால் சில நேரம் அப்படித்தான் எழுத முடியும்.

உங்கள் குழுவினரிடம் ஒன்று சொல்லுங்கள். பயாப்ஸி படிவத்தில் "வயிற்றுப்போக்கு, ஜி.வி.எச்.டி.யா?" என்று ஒற்றை வரி எழுதி அனுப்ப வேண்டாம். மாற்று நடந்து எத்தனை நாள், என்னென்ன மருந்துகள் போகின்றன, குறிப்பாக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் உண்டா, சி.எம்.வி. (சைட்டோமெகலோவைரஸ்) பரிசோதனை என்ன சொல்கிறது, தோலில் என்ன இருக்கிறது என்று எழுதினால் எங்கள் கண் இரு மடங்கு கூர்மையாகும்.

கேள்விக்குறி

மருத்துவர் ஐயா சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன். ஆரோக்கியமான குடலிலும் அந்தச் செல் இருக்கலாம், சுத்தம் செய்யும் மருந்தாலும் வரலாம், வைரஸாலும் வரலாம். போதாததற்கு, மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோவும் கதிரியக்கமும் முதல் இரண்டு மூன்று வாரம் இதே காட்சியைக் காட்டும் என்று படித்திருக்கிறேன். பிறகு அந்த ஒற்றைச் செல்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிக்கிறீர்கள்? பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஸ்டீராய்டை நிறுத்துவார்களா? மாட்டார்கள். விடை எதுவானாலும் செயல் மாறாது என்றால் அந்தச் சோதனை எதற்கு?

தோல்_மருத்துவர்

கேள்விக்குறி கேட்டது தோலைப் பொறுத்தவரை முக்கால்வாசி சரி. என் துறைக்காரர்களே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த வழி மேல் என்று கணக்கிட்டுப் பார்த்து 2006இல் வெளிவந்த ஒரு முடிவெடுப்புப் பகுப்பாய்வு, உடனடி ஜி.வி.எச்.டி. வரும் வாய்ப்பு அதிகமுள்ள ஏற்பாளருக்குத் தடிப்பு வந்தால், தோல் பயாப்ஸிக்குக் காத்திராமல் சிகிச்சை அளிப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தது.

தோலில் நாங்கள் பார்ப்பது, மேல்தோலின் அடி வரிசைச் செல்களில் வெற்றிடக் குமிழ்கள், செத்துச் சுருங்கிய கெரட்டினோசைட்டுகள் (மேல்தோல் செல்கள்), அவற்றை ஒட்டி நிற்கும் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்). ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமையிலும் இதே படம்தான் வரும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் இருந்தால் மருந்து ஒவ்வாமை, இல்லாவிட்டால் ஜி.வி.எச்.டி. என்று ஒரு காலத்தில் நம்பினோம். அந்த நம்பிக்கை நிற்கவில்லை, ஜி.வி.எச்.டி.யிலும் ஈசினோபில்கள் இருக்கின்றன. மாற்று முடிந்தவர் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மருந்துகள் சாப்பிடுகிறார், குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அதற்காக நான் தோல் பயாப்ஸி எடுப்பதே இல்லை என்று அர்த்தமில்லை. தோல் கொப்புளமாகி உரியத் தொடங்கினால் எடுப்பேன். தோல் மட்டும் பாதிக்கப்பட்டு வேறு எந்த உறுப்பும் பேசாமல் இருந்தால், அல்லது தடிப்பின் அமைப்பு பூஞ்சைத் தொற்றையோ லுகேமியா திரும்பியதையோ சந்தேகிக்க வைத்தால், எடுப்பேன். உள்ளங்கை, காது மடல், உடனே வயிற்றுப்போக்கு என்று பாடப்புத்தக வரிசையில் வந்த நோயாளிக்கு நான்கு மில்லிமீட்டர் பஞ்ச் (வட்டமாக வெட்டித் தோலெடுக்கும் கருவி) போட்டு என்ன புதிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறேன்?

நுண்ணோக்கி

தோல் பற்றித் தோல் மருத்துவருடன் எனக்குப் பெரிய சண்டை இல்லை. குடலுக்கும் அதே வாதத்தை நீட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்விக்குறி, குடலில் நாங்கள் அந்த ஒற்றைச் செல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அதே துண்டில் சி.எம்.வி. வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று இம்யூனோ சாயமிட்டுப் பார்க்கிறோம். ரத்தத்தில் சி.எம்.வி. இல்லை என்று வந்த நோயாளியின் குடலில் அது இருக்கலாம். வைரஸ் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், எரியும் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக எண்ணெய் ஊற்றுவது போலாகும். அடினோவைரஸும் உண்டு. மைக்கோபினோலேட் மாத்திரையே குடலைப் புண்ணாக்கினால் ஸ்டீராய்டைக் கூட்டுவதில் பயனில்லை, அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். அந்தப் பாதிப்பில் ஈசினோபில்கள் கூடுதலாக இருக்கும். ஜி.வி.எச்.டி.யில் குழிகள் அழிந்த இடங்களில் நாளமில்லாச் சுரப்புச் செல்கள் மட்டும் கொத்தாகத் தப்பிக் கிடக்கும். இந்த வேறுபாடுகள் எப்போதும் தெளிவாக இருக்காது, ஆனால் பல நேரம் போதுமான அளவு இருக்கும். ஆக, "விடை எதுவானாலும் செயல் மாறாது" என்பது குடலுக்குப் பொருந்தாது. செயல் மாறுகிறது.

நீங்கள் சொன்ன கீமோ விஷயம் உண்மை. மாற்று முடிந்த முதல் மூன்று வாரங்களில் வரும் குடல் பயாப்ஸியை நான் மிகுந்த எச்சரிக்கையோடுதான் படிப்பேன். இந்தத் தம்பி அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டார்.

ஒன்றும் இல்லை என்று வந்தால்? நோய் குடல் முழுவதும் சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக இருக்கும். கிள்ளிய இடத்தில் இல்லாமல் போகலாம். அதனால்தான் பல துண்டுகள் எடுக்கிறார்கள். எண்டோஸ்கோபியில் சிவந்து தெரியும் இடத்தில் மட்டுமல்லாமல் பார்வைக்கு நலமாகத் தெரியும் இடத்திலும் எடுக்க வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த சவ்வில் நுண்ணோக்கியின் கீழ் நோய் இருப்பது எங்களுக்கு வாடிக்கை. அறிகுறிகள் வலுவாக இருக்கும்போது பயாப்ஸி வெறுமையாக வந்தால், மருத்துவர் அறிகுறிகளைத்தான் நம்ப வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்விக்குறி

பின்வாசல் எண்ணெய் நன்றாக இருந்தது. ஆனாலும், நோய் இருக்கும்போது பயாப்ஸி இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம், இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் வசதியான நியாயமாகத் தெரிகிறது. ரத்தப் பரிசோதனையிலேயே இப்போது கண்டுபிடிக்கிறார்களாமே, அது எங்கே போயிற்று?

மாற்று_மருத்துவர்

நான் குருத்தணு மாற்றுச் சிகிச்சை மருத்துவர். அது வசதிக்காகச் சொன்ன நியாயம் இல்லை, திட்டுத்திட்டான எந்த நோயிலும் இப்படித்தான். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன்.

எஸ்.டி.2, ரெக்3 ஆல்பா என்ற இரண்டு புரதங்களின் அளவை வைத்து, குடலின் மூலச்செல் பகுதி எந்த அளவுக்குச் சேதமடைந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். யாருக்கு நோய் கடுமையாகும், யார் சிகிச்சைக்கு மசிய மாட்டார் என்பதைச் சொல்வதில் அவை உண்மையிலேயே கெட்டி. ஆனால் இந்த வயிற்றுப்போக்குக்குக் காரணம் வைரஸா மருந்தா என்ற கேள்விக்குப் பயாப்ஸியின் இடத்தை அவை எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு ரத்தம், இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குத் திசு. நான் இப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

குடும்பத்தினர் அடிக்கடி குழம்பும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி அறிக்கையில் வரும் "தரம்" வேறு, நாங்கள் சொல்லும் நோயின் "நிலை" வேறு. நிலையை முடிவு செய்வது தோலில் எத்தனை சதவீதம் சிவந்திருக்கிறது, ரத்தத்தில் பிலிருபின் (கூடினால் மஞ்சள் காமாலை தரும் நிறமி) எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு வயிற்றுப்போக்கு என்பவை. பெரியவர்களுக்கு 500 மில்லிக்கு மேல் போனால் முதல் நிலை, 1000 முதல் 1500 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. கடும் வயிற்று வலி, குடல் அசைவற்றுப் போவது, மலத்தில் ரத்தம் இவை நான்காம் நிலை. திசுவில் தரம் 1 என்று வந்தவருக்கு மூன்றாம் நிலை நோய் இருக்கலாம். அறிக்கையில் "1" என்று பார்த்துவிட்டு வீட்டில் கொண்டாடுவார்கள், அவர்களிடம் இதை எடுத்துச் சொல்வது எனக்குச் சங்கடமான வேலை.

கல்லீரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அங்கே நாங்கள் பயாப்ஸிக்கு மிகவும் தயங்குவோம். பிளேட்லெட் குறைந்தவருக்கு வெளியிலிருந்து ஊசி குத்தினால் ரத்தக்கசிவு ஆபத்து. கட்டாயம் வேண்டுமென்றால் கழுத்துச் சிரை (ரத்தக்குழாய்) வழியாகக் கல்லீரல் சிரைக்குள் போய் எடுப்போம். அதே வழியில் அழுத்தத்தையும் அளக்கலாம். அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருந்தால் கல்லீரலின் நுண்குழாய் அடைப்பு நோய் பக்கம் சந்தேகம் சாயும். அதன் சிகிச்சை முற்றிலும் வேறு. திசுவில் சிறு பித்த நாளங்கள் சிதைந்திருந்தால் ஜி.வி.எச்.டி. தோலும் குடலும் ஏற்கெனவே உறுதியாகி, கூடவே பிலிருபின் ஏறினால் பெரும்பாலும் கல்லீரலைத் தொடாமலேயே முடிவெடுப்போம்.

கொடையாளி அக்காவுக்கு: நீங்கள் எழுதாத ஒன்று உங்கள் பெயரிலேயே தெரிகிறது. தம்பியைத் தாக்குவது உங்கள் செல்கள் என்பதை எண்ணி உறக்கம் இழக்காதீர்கள். இதே செல்கள்தான் மிச்சமிருக்கும் லுகேமியாவையும் வேட்டையாடுகின்றன. ஜி.வி.எச்.டி. வந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று 1979இலேயே கவனித்திருக்கிறார்கள்.

பழைய_ஏற்பாளர்

நாள்பட்ட வகையில் கதை வேறு என்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். முன்பெல்லாம் நூறு நாளுக்குள் வந்தால் உடனடி வகை, அதற்குப் பிறகு வந்தால் நாள்பட்ட வகை என்று பிரித்தார்கள். 2005இல் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அறிகுறிகளை வைத்துப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு வாய்க்குள் வெள்ளை வலைப்பின்னல் போலக் கோடுகள் வந்தன. அதைப் பார்த்ததும் மருத்துவர் பயாப்ஸி கேட்கவில்லை. லைக்கன் பிளானஸ் என்ற தோல் நோயில் வருவது போன்ற அந்த மாற்றமே நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யை உறுதிப்படுத்தப் போதுமான அடையாளமாம். தோல் இறுகுவது, மூட்டுகள் மடங்க மறுப்பது போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கண் வறட்சி, நகச் சிதைவு போன்றவை மட்டும் இருந்தால் அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், பயாப்ஸியோ வேறு சோதனையோ துணைக்கு வேண்டும்.

பிறகு முன்கை இறுகியது. ஒரு மருத்துவமனையில் மேலோட்டமாகத் தோலைக் கிள்ளி "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இறுக்கம் இருந்தது தசையுறையில். அவ்வளவு ஆழத்துக்குப் போகாத பயாப்ஸியில் அது எப்படித் தெரியும்? இன்னொரு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எடுப்பதாக இருந்தால் எந்த ஆழத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

நுரையீரலுக்கு என்னைத் திசு எடுக்கச் சொல்லவில்லை. ஊதும் சோதனையிலேயே பார்த்தார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு எதிர்பார்ப்பில் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, ஈராண்டுக்குள் 10 சதவீதமாவது சரிந்து, வேறு உறுப்பிலும் நாள்பட்ட நோய் இருந்து, தொற்று இல்லை என்றும் தெரிந்தால், பெரும்பாலும் நெஞ்சைத் திறக்காமலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

கொடையாளி_அக்கா

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பிளேட்லெட் ஏற்றிவிட்டு எடுத்தார்கள், ரத்தக்கசிவு எதுவும் இல்லை. மைக்கோபினோலேட் கொடுக்கப்படவில்லை என்பதையும் படிவத்தில் எழுத வைத்தேன்.

அறிக்கை வந்துவிட்டது. "ஜி.வி.எச்.டி. இருக்க வாய்ப்பு அதிகம், தரம் 2" என்று இருக்கிறது. அடுத்த வரியில் "ஒரு துண்டில் சில செல்களில் சி.எம்.வி. சாயம் ஏறியிருக்கிறது" என்கிறார்கள். ரத்தத்தில் எடுத்த சி.எம்.வி. பரிசோதனை இல்லை என்றுதான் வந்தது. இரண்டில் எது உண்மை?

நுண்ணோக்கி

இரண்டும் உண்மையாக இருக்கலாம். சி.எம்.வி. தாக்கிய இடத்திலும் செல்கள் அபோப்டோசிஸில் சாகும். ஆகவே வைரஸ் தெரிந்த துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றத் துண்டுகளைப் பார்ப்போம். அங்கே வைரஸின் சுவடே இல்லாமல் குழிகள் அழிந்திருந்தால் ஜி.வி.எச்.டி.யும் கூடவே இருக்கிறது என்று துணிந்து எழுதலாம். எல்லாத் துண்டுகளிலும் வைரஸும் சேதமும் ஒன்றாகவே இருந்தால் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். உங்களுக்கு "வாய்ப்பு அதிகம்" என்று எழுதியிருப்பதால் அவர் முதல் வகையைக் கண்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். ஆனால் அவர் தகட்டை நான் பார்க்கவில்லை, அவரிடமே கேளுங்கள்.

மாற்று_மருத்துவர்

பொதுவாகச் சொல்கிறேன், மருந்து எழுதித் தரவில்லை. இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவோம். கான்சிக்ளோவிர் கொடுத்தால் புதிதாக ஏறிய அணுக்கள் இறங்கலாம், ஃபாஸ்கார்நெட் கொடுத்தால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். எது உகந்தது என்பது தம்பியின் எண்ணிக்கைகளைப் பொறுத்தது. ஸ்டீராய்டு பலன் தராவிட்டால் யோசிக்காமல் அடுத்த மருந்தைக் குவிப்பதற்கும் இனி கொஞ்சம் நிதானம் வரும். ஸ்டீராய்டுக்கு மசியாத உடனடி ஜி.வி.எச்.டி.க்கு 2019 முதல் ருக்சோலிடினிப் அங்கீகாரம் பெற்ற மருந்தாக இருக்கிறது. அதுவும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். வைரஸ் இருப்பது தெரிந்து அதைக் கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல.

கேள்விக்குறி

ரத்தத்தில் இல்லாதது குடலில் இருந்தது. இந்த ஒரு நோயாளிக்கு என் வாதம் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்று மட்டும் இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். லேசான தடிப்பு மட்டும் வந்த ஒருவரைப் பஞ்ச் பயாப்ஸிக்கு அனுப்புவதை இப்போதும் எதிர்ப்பேன்.

தோல்_மருத்துவர்

அதில் நான் உங்கள் கட்சி.

கொடையாளி_அக்கா

வைரஸ் மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கடைசியாக ஒன்று: வயிற்றுப்போக்கு குறையாவிட்டால் மறுபடியும் பயாப்ஸி கேட்பார்களா? அப்பாவை இப்போதே தயார்ப்படுத்த வேண்டும்.

வார்டு_செவிலி

கேட்கலாம். நன்றாகக் குறைந்து வந்தால் பெரும்பாலும் மறுபடி எடுப்பதில்லை. குறையாமல் நின்றாலோ, குறைந்து மீண்டும் ஏறினாலோ, ஜி.வி.எச்.டி.யே தொடர்கிறதா, வைரஸ் அடங்கவில்லையா, அல்லது சவ்வு உரிந்த இடம் இன்னும் மூடாததால் தண்ணீர் போகிறதா என்று பார்க்க எடுப்பார்கள். அதற்கு முன் மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமி இருக்கிறதா என்ற சோதனையையும் கேளுங்கள், அதற்கு எங்கும் கிள்ள வேண்டியதில்லை. தினமும் போகும் அளவை மில்லி கணக்கில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், சிறுநீரை அதோடு கலக்காமல் தனியாக அளந்து.